எங்கே என்று கேட்காத வீடு

யோகராணிக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மற்றப் பெண்கள் கதிரையில் சாய்ந்து ஊர்ப் புதினம் பேசிக்கொண்டிருக்க, இவள் எழும்பிப் போய்ப் பந்தியில் யாருக்கோ தண்ணீர் வார்த்துக்கொண்டு நிற்பாள். "நீங்கள் பொம்பிளை வீட்டுக்காரரோ?" என்று கேட்டால், "இல்லை, சும்மா இருந்தால் எனக்குக் கால் உளையும்" என்பாள். கடவுள் இவளைப் படைத்த நேரம் கதிரை என்ற ஒன்றை மறந்துபோனார் என்று புருஷன் நவரட்ணம் பகிடி விடுவார்.

அப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையும் நின்றபடி செய்கிற வேலைதான். வில்லோமியர் இன்ரநஷனல் ஸ்கூலின் கன்ரீன். பெயரைக் கேட்டால் மைதானமும் மரநிழலும் கண்ணுக்குள் வரும். நேரே போய்ப் பார்த்தால், யங் வீதியில் ஒரு பழைய ஒஃபிஸ் கட்டடம். கீழே பல் டொக்ரர், மேலே கணக்காளர், நடுவில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஓடி விளையாட வேண்டுமென்றால் இரண்டு சிக்னல் தாண்டிப் பார்க்குக்குப் போக வேண்டும். ஆனால் வியட்நாமிலும் நைஜீரியாவிலும் பிரேசிலிலும் இருக்கிற தாய்தகப்பன்மாருக்கு அதெல்லாம் தெரியாது. கனடா, இங்கிலிஷ், அதற்குப் பிறகு யூனிவர்சிற்றி. இந்த மூன்றையும் நம்பிப் பெற்ற பிள்ளையைப் பிளேனில் ஏற்றிவிட்டார்கள்.

சுவரெல்லாம் "இங்கிலிஷ் மட்டும்" என்று பலகை. கன்ரீனிலும் ஒன்று உண்டு. யோகராணி பிள்ளைகளோடு இங்கிலிஷ் பேசுவாள், சட்டி பானைகளைத் தமிழில் ஏசுவாள். சட்டி பானை ஃபீஸ் கட்டிப் படிக்க வரவில்லை என்பது அவள் கட்சி.

வயது குறைந்த பிள்ளைகள் தனியே இருக்க முடியாது, குடும்பங்களில் தங்கவேண்டும். அந்த ஒழுங்கெல்லாம் செய்பவள் வேரோனிக்கா. மன்னார்ப் பெண். ஐந்து வயதில் இங்கே வந்தவள், முப்பது தாண்டியும் வாய் ஓயாதவள். போன வருஷம் ஒருநாள் கன்ரீன் வாசலில் வந்து நின்றாள்.

"அன்ரி, உங்கடை மேல் அறை சும்மாதானே கிடக்கு?"

கிடக்கத்தான் செய்தது. மகன் பிரியந்தன் கல்யாணம் முடித்துப் பிறம்ரனுக்குப் போனபிறகு, டோர்செட் பார்க்கில் அந்த ரவுன்ஹவுஸின் மேல்மாடியில் உடுப்புக் காயப்போடும் கம்பி மட்டுந்தான் குடியிருந்தது. யோகராணி ஓம் என்றாள். செப்ரெம்பரில் ஒரு பெரிய சிவப்புச் சூட்கேஸை இழுத்துக்கொண்டு லின் வந்து இறங்கினாள்.

லின்னுக்குப் பதினாறு வயது. வியட்நாமில் டானாங் என்ற கடற்கரை நகரம் அவளுடைய ஊர். முதல் கிழமை ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டாம் கிழமை யோகராணி மீன் குழம்பு வைத்தாள். பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டு, நிமிர்ந்து பார்த்து, "இன்னும் மிளகாய் இருக்கா?" என்று கேட்டது. அவ்வளவுதான், யோகராணி விழுந்துவிட்டாள். பெற்ற மகனே கனடாச் சாப்பாட்டுக்குப் பழகி உறைப்பு வேண்டாம் என்று கோப்பையைத் தள்ளுகிறவன். எங்கிருந்தோ வந்த இது, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு சாப்பிடுகிறது! அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லின்னின் தலைக்கு எண்ணெய் வைப்பதும், நவரட்ணம் அவளோடு காட்ஸ் விளையாடித் தோற்பதும் வழமையாயின. இவளுடைய குசினி இங்கிலிஷுக்கும் அவளுடைய பள்ளிக்கூட இங்கிலிஷுக்கும் நடுவில் கதை எப்படியோ நடந்தது. அதை இங்கே தமிழில் சொன்னால் போதும்.

எல்லாம் நல்லாய்த்தான் போனது, ஒன்றைத் தவிர.

யோகராணி, வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டாள். உங்களுக்கும் தெரியும், கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். ஊரில் மிஞ்சிப்போனால் "தூரமோ?" என்று கேட்கலாம், அதில் குற்றமில்லை. தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி உள்ளே வந்து, கதிரையில் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். இங்கே எத்தனையோ பேர் அதையெல்லாம் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். யோகராணி விடவில்லை. விடாததற்கு அவளிடம் காரணம் இருந்தது.

நவரட்ணம் முன்பு ட்ரக் ஓட்டியவர். ஒரு தை மாதம், விடியற்காலையில், பிறம்ரனில் லோட் ஏற்றப் போகிறார். நித்திரைக் கலக்கத்தில் எழும்பி வந்த யோகராணி வாய் தவறி, "இந்தப் பனிக்குள்ளை எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டாள். அவர் தண்ணீரும் குடிக்கவில்லை, இருக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டு போய்விட்டார். நானூற்றொன்று ஹைவேயில் ட்ரக் வழுக்கித் தூணில் இடித்தது. உயிர் தப்பியது பெரிய காரியம். இடுப்பு மட்டும் பிறகு சரிவரவே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "உம்மடை வாய்தான் அப்பா, வேறையொண்டும் இல்லை." அன்றிலிருந்து ரொட்டி கருகினாலும், கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், "ராணி ஏதும் கேட்டவவோ?" என்று வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆட்களும் சிரிப்பார்கள். யோகராணியும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய்விடுவாள்.

லின் வெளியே போகும்போது ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்சம் நிற்பாள். சிப்பை மேலே இழுப்பாள், கீழே இழுப்பாள். "அன்ரி, நான் வெளியே போகிறேன்" என்பாள். யோகராணி அகப்பையோடு எட்டிப் பார்த்து, "போட்டு வா பிள்ளை, தொப்பியைப் போடு" என்பாள். கதவு மூடும். அடுத்த நிமிஷம் அடுப்பைக் குறைத்துவிட்டு இரண்டிரண்டு படியாக மேல்மாடிக்கு ஓடுவாள். மேல் ஜன்னலில் நின்றால் பஸ் தரிப்பு தெரியும். றோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் மோலுக்குப் போகிறது, அந்தப் பக்கம் நின்றால் சப்வேக்குப் போகிறது. பஸ் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்வரை திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பாள். குழம்பு அடிப்பிடித்த நாட்களும் உண்டு.

கேட்காமலே அறிந்துகொண்டாளே, அது கெட்டித்தனம் இல்லையா? கெட்டித்தனந்தான். ஆனால் வாசலில் சிப்பை இழுத்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு மேல் ஜன்னல் தெரியுமா?

நொவெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. லின் பள்ளிக்கூடத்தால் வந்து, உடுப்பு மாற்றி, வாசலில் நின்றாள். வழமையைவிடக் கூட நேரம் நின்றாள். யோகராணி தோசைக்கல்லை விட்டு விலக முடியாமல், "போட்டு வா" என்று குரல் மட்டும் கொடுத்தாள். பிறகு மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், இந்தப் பக்கத் தரிப்பிலும் ஆளில்லை, அந்தப் பக்கத்திலும் இல்லை. பிள்ளை நடைபாதையில் தலையைக் குனிந்துகொண்டு நடந்து போகிறது. மூலை திரும்பி மறைந்துவிட்டது.

அதோடு பிடித்தது யோகராணிக்குப் பதகளிப்பு. தோசை ஆறிப்போனது. இருட்டிப்போனது. போன் எடுத்தால் லின்னின் போன் நிறுத்திக் கிடக்கிறது. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்து நடந்து கார்பெற்றே தேய்ந்திருக்கும். நவரட்ணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரில் மோலைச் சுற்றப் போனார். அவரிடமும் அவள் ஒன்றும் கேட்கவில்லை, "கவனம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, வேறு வழியில்லாமல் வேரோனிக்காவுக்குப் போன் அடித்தாள்.

"எங்கை போறன் எண்டு சொல்லிப்போட்டே போனவள், அன்ரி?"

"இல்லைப் பிள்ளை."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

யோகராணி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "வெளிக்கிடேக்கை எப்பிடிப் பிள்ளை கேக்கிறது?" என்றாள்.

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு. "என்ரை அம்மாவும் உப்பிடித்தான். ஆனால் அன்ரி, அவளின்ரை தாய் நாளைக்கு எனக்கு அடிச்சுக் கேட்டால், நான் உந்தக் கதையையே சொல்லுறது? பிள்ளை எங்கை எண்டு வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அதுக்குத்தானே வீடு!"

எட்டு மணிபோலக் கதவு திறந்தது. லின். உதடு நீலம், கை விறைப்பு. யோகராணிக்கு ஏசவும் வந்தது, கட்டிப்பிடிக்கவும் வந்தது. போய் வந்த பிறகு கேட்டால் குற்றமே இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷமாகக் கேட்காமலே பழகிய வாய் அந்த நேரத்தில் திறக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றாள். தோசையைத் திரும்பச் சுட்டுக் கொடுத்தாள். லின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு தோசை சாப்பிட்டாள், நன்றி சொன்னாள், மேலே போய்விட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம், பிள்ளைகள் வகுப்புக்குப் போனபிறகு வேரோனிக்கா கன்ரீனுக்கு வந்தாள். சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அங்கே பலகை இல்லை, தமிழில் பேசலாம்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. லின் வேறை வீடு கேக்கிறாள்."

யோகராணி அரிசி மூட்டையில் கையை ஊன்றினாள். "ஏனாம்?"

"நீங்கள் நல்லவவாம். சாப்பாடு நல்லமாம். அங்கிளும் நல்லவராம். ஆனால் அந்த வீட்டிலை ஒருத்தரும் தன்னை எங்கை போறாய் எண்டு ஒருநாளும் கேட்டதில்லையாம். அவளின்ரை ஊரிலை வாசலாலை இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரியும் கேப்பாவாம், கடைக்காரனும் கேப்பானாம். அங்கை அப்பிடித்தானாம் சுகம் விசாரிக்கிறது. வெள்ளிக்கிழமை, நீங்கள் கேக்கிறியளோ எண்டு பாக்கத்தான் வாசலிலை நிண்டவளாம். பிறகு அடுத்த தரிப்பு வரைக்கும் நடந்து, குளிருக்குள்ளை நிண்டு, சும்மா பஸ்ஸிலை அங்காலையும் இஞ்சாலையும் ஓடிக்கொண்டிருந்தவளாம். வந்த பிறகும் நீங்கள் கேக்கேல்லையாம். ஹோட்டலிலை இருக்கிற மாதிரிக் கிடக்காம் அன்ரி."

"ஹோட்டலோ?" யோகராணி மூட்டையை விட்டு நிமிர்ந்தாள். "ஹோட்டலிலை ஆரடி தலைக்கு எண்ணெய் வைக்கிறது?"

"எனக்கு விளங்குது. அவளுக்கு விளங்க வேணுமே. நோர்த் யோர்க்கிலை ஒரு வீடு சரிவந்திருக்கு. சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போறன்."

அன்று பின்னேரம் யோகராணி வீட்டுக்கு வந்து ஜக்கற்றைக்கூடக் கழற்றவில்லை. ரீவி முன்னால் இருந்த நவரட்ணத்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"இஞ்சாரும், ஒருக்காக் கேட்டால்தான் என்ன? குறைஞ்சா போயிடுவீர்?"

"எப்பிடிக் கேக்கிறது? உங்களைக் கேட்டுத்தானே இந்த இடுப்பு உப்பிடிக் கிடக்கு!"

நவரட்ணம் அவளைப் பார்த்த பார்வை, முதல்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது. "விசரே உமக்கு? அது ஐஸ் அப்பா. றோட்டெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அண்டைக்கு அதிலை எத்தினை ட்ரக் கவிண்டது, எல்லாற்றை பெண்சாதிமாரும் கேட்டவையோ? நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்."

"பகிடிக்கோ?"

"பகிடிக்குத்தான்."

யோகராணிக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. எத்தனை வருஷம்! எத்தனை பேருக்கு முன்னால்! ஒவ்வொரு பனிக்காலமும் மகன் கார் எடுக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றவள் அவள். அவர் நோவில் முனகும்போதெல்லாம், நான் செய்த வினை என்று எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டவள். இந்த மனுஷன் பகிடி விட்டாராம்! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவரும் பாவம், மூன்றாம் நாள் தானே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, "நீர் அதை இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ளை வச்சிருந்தனீர் எண்டு எனக்குத் தெரியாது ராணி" என்றார். அவள் தேத்தண்ணியைக் குடித்தாள்.

ஆனால் நெஞ்சுக்குள் போனது இப்படி ஒரு தேத்தண்ணியோடு இறங்கிவிடுமா? கன்ரீனில் சட்டிகளைப் பார்த்து "வெயர் ஆர் யூ கோயிங்?" என்று சொல்லிப் பழகினாள். சட்டிகளிடம் நன்றாகவே வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் லின் ஜக்கற்றோடு படியால் இறங்கி வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, சப்பாத்தை மாட்டிக்கொண்டு நேரே கதவைத் திறந்தாள். யோகராணி வாயைத் திறந்தாள். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. றோட்டைப் பார்த்ததும் தூணில் சாய்ந்த ட்ரக்தான் கண்ணுக்குள் வந்தது. "தொப்பி" என்றாள். கதவு மூடியது. மேலே ஓடினாள்.

சனிக்கிழமை வந்தே விட்டது. வேரோனிக்காவின் கார் வாசலில் நின்றது. அதே சிவப்புச் சூட்கேஸ், வரும்போது இருந்ததைவிடப் பாரம். உள்ளே மிளகாய்த்தூள் போத்தலும், ஒரு பை முறுக்கும், யோகராணி வாங்கிக் கொடுத்த கம்பளிக் காலுறைகளும் இருந்தன. வேரோனிக்கா அதைத் தூக்கிக் காருக்குள் வைத்தாள். லின் நவரட்ணத்துக்குக் கை கொடுத்தாள். யோகராணியைக் கட்டிப்பிடித்தாள். "நன்றி அன்ரி" என்றாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு திரும்பி, வாசற்படியால் இறங்கி, ஒரு படி, இரண்டு படி போய்விட்டாள்.

யோகராணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த முறை மேலே ஓடி என்ன பலன்? எந்தப் பஸ் என்று பார்க்க? கால் நிற்கவில்லை, கை நிற்கவில்லை. போகிற காரியம் சரிவராது என்றுதானே சொல்கிறார்கள் என்று திடீரென்று நினைத்தாள். சரிவராமல் போகட்டுமே! சரிவராமலே போகட்டும்!

"பிள்ளை! எங்கை போறாய்?"

தெரு முழுக்கக் கேட்டது. தமிழில் கேட்டுவிட்டோம் என்று உறைத்ததும் இன்னும் பலமாக, "வெயர் ஆர் யூ கோயிங்?" என்று கத்தினாள்.

கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்த வேரோனிக்காவின் கை அப்படியே நின்றது. "ஐயோ அன்ரி! வெளிக்கிடேக்கையே கேட்டனீங்கள்?"

உள்ளே கதிரையிலிருந்து நவரட்ணம் எழும்பி வந்தார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். "கேட்டாச்செல்லே? இனிச் சரிவராது. எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ. இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போகலாம்."

லின்னுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திரும்பி நின்று யோகராணியையே பார்த்தாள். "நோர்த் யோர்க்குக்கு" என்றாள், மெதுவாக. கேள்விக்குப் பதில் சொன்னாள்.

அவளை உள்ளே கூட்டிவந்து வாசலோரக் கதிரையில் இருத்தினார்கள், சப்பாத்தோடு. யோகராணி தண்ணீர் எடுக்க ஓடினாள். அதற்குள் வேரோனிக்கா ஆதியோடந்தமாய் எல்லாவற்றையும் இங்கிலிஷில் சொன்னாள்: எங்கே என்று கேட்டால் என்ன நடக்கும், ட்ரக் என்ன ஆனது, அன்ரி ஏன் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். நடுவில் நவரட்ணம் புகுந்து, "மேல் ஜன்னலையும் சொல்லு பிள்ளை" என்றார். "நீ வெளிக்கிட்டவுடனை மேலை ஓடி, பஸ் வாறவரைக்கும் திரைச்சீலைக்குப் பின்னாலை நிக்கிறவ. எத்தினை நாள் நான் கருகின குழம்பு சாப்பிட்டனான்!"

லின் ஏணிப்படியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு யோகராணி நீட்டிய கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். கண்ணீர் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

"அன்ரி, நான் இங்கே இருந்தால் இனிக் கேட்பீர்களா?"

"ஒவ்வொரு நாளும் கேப்பன்."

"கேட்ட பிறகு ஒவ்வொரு நாளும் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டுமா?"

"பின்னை! குடிக்காமல் போக விடுவனே?"

லின் கிளாஸைக் கீழே வைத்தாள். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். வேரோனிக்கா நோர்த் யோர்க்குக்குப் போன் போட வெளியே போனாள். நவரட்ணம் சூட்கேஸை எடுக்கப் போகிறேன் என்று இறங்கினார்.

"எங்கை போறியள், அந்த இடுப்போடை?" என்று யோகராணி கத்தினாள்.

நவரட்ணம் படியில் நின்றார். திரும்பினார். உள்ளே வந்து, கதிரையில் இருந்து, தண்ணீருக்குக் கையை நீட்டினார்.